கிளாஸ் தண்ணியும் குளவியும்

அன்புள்ள மச்சானுக்கு,

எப்படிடா இருக்க? ரெண்டு மாசமா ஒனக்கு எழுதணும் எழுதணும்னு நெனச்சுக்கிட்டே இருந்து இன்னைக்குத்தான் கை வந்துச்சு, காலைல இருந்து ஒரே மழை, கரண்டும் இல்ல, தோட்டத்துப் பக்கம் எறங்க ஏலாது, அதான் இஸ்தோப்புல உக்காந்து போன்ல சார்ஜ் இருக்குற வரைக்கும் அடிச்சுத் தள்றேன். வாய்ஸ் போட்டா நீ டியூட்டில இருப்ப, நீ கேக்குற நேரம் நான் தூங்கிருவேன்.

மொதல்ல ஒங்கம்மா விசயம். போன கெழம பாத்துட்டு வந்தேன். முட்டி வலி இருக்கு, ஆனா வாய் கொஞ்சமும் கொறையல. நீ அனுப்புன சல்லில தகரம் மாத்தியாச்சு, இந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகல. "அவன் சாப்புடுறானாடா"ன்னு மூனு தரம் கேட்டாங்க, நான் கத்தார்ல எல்லாம் நல்லா கெடைக்குதாம்னு சொல்லி வச்சேன்.

நீ போன தடவ எழுதுனியே, ஒங்க ரூம்ல இருக்குற நைஜீரியாக்காரன் மரவள்ளிக் கிழங்கு மாவ சுடுதண்ணில கிண்டி உருட்டி உருட்டி முழுங்குறான், நம்ம அப்பாயி அவிச்சுக் குடுத்த கிழங்கு ஞாபகம் வந்துருச்சுன்னு. அத வச்சுத்தான் ஒனக்கு ஒரு கதை சொல்லணும், ஆனா அதுக்கு முந்தி என் கிழங்கு கதைய கேளு.

நான் கிராமத்து மாத்தியாகிட்ட அர ஏக்கர் குத்தகைக்கு எடுத்தது ஒனக்குத் தெரியும். போன வருசம் உருளைக்கிழங்கு போட்டேன். விதைக்கிழங்கு மட்டும் பத்து மூட்டை, என் பொஞ்சாதி நெக்லஸ் அடகுக்குப் போச்சு. நாப்பது நாள் வரைக்கும் தோட்டம் அப்படியே பச்சக் கம்பளம் மச்சான், போட்டோ கூட அனுப்புனேனே. அப்பறம் ஒரு நாள் மத்தியானம் பாக்குறேன் நடு வரிசைல நாலஞ்சு செடி தலை தொங்கிக்கிட்டு நிக்கிது, வெயிலுக்கு இருக்கும்னு விட்டேன், பொழுது சாய நிமிந்துருச்சு. மறுநாளும் அதே மாதிரி. மூனாவது நாள் நிமிரல. இலை மஞ்சளாகல, புள்ளி இல்ல, பச்சையாவே இருந்து வாடிக்கிட்டு போகுது, அதுதான் பயமா இருந்துச்சு. டவுன்ல மருந்துக்கடைல சொன்னா அவரு செடியவே பாக்காம பூஞ்சணம்னு ரெண்டு பக்கெட் பவுடர் குடுத்தாரு, மூனு தரம் அடிச்சேன், சல்லி போனதுதான் மிச்சம், வரிசை வரிசையா எறங்கிக்கிட்டே போச்சு.

கடைசில ஏஐ மிஸ்ஸ கூட்டிட்டு வந்தேன். (நீங்க அங்க போன்ல பேசுற ஏஐ இல்லடா, விவசாய போதனாசிரியர்.) சிங்கள மிஸ், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும், ஆனா வந்த ஒடனே செருப்ப கழட்டி வச்சுட்டு பாத்திக்குள்ள எறங்கிட்டாங்க, அதுலயே எனக்கு ஒரு நம்பிக்கை வந்துருச்சு. ஒரு செடிய புடுங்கி, அடித்தண்ட பிளேடால குறுக்க வெட்டி, "ஒரு வீதுரு கிளாஸ்ல தண்ணி கொண்டாங்க"ன்னாங்க. நான் ஓடிப்போய் வீட்ல இருந்த நல்ல கண்ணாடி கிளாஸ எடுத்துட்டு வந்தேன். வெட்டுன தண்ட தண்ணி மேல படுற மாதிரி அப்படியே தொங்கப் புடிச்சாங்க, அசைக்கல. ஒரு நிமிசம் ஒன்னும் இல்ல. அப்பறம் பாக்குறேன் மச்சான், தண்டு நுனில இருந்து வெள்ளையா நூல் மாதிரி ஒன்னு கீழ எறங்குது, சாயத்தண்ணில டின் பால ஒரு சொட்டு விட்டா எப்படி சுருண்டு சுருண்டு எறங்கும், அந்த மாதிரி. அவ்ளவும் பாக்டீரியா. பாக்டீரியா வாடல்னு பேராம், தண்டுக்குள்ள தண்ணி போற குழாய அடைச்சிருது, அதுக்கு தண்ணி ஊத்தி என்ன, பவுடர் அடிச்சு என்ன. கிழங்க வெட்டிக் காட்டுனாங்க, உள்ள ஒரு பழுப்பு வளையம், அமுக்குனா சீழ் மாதிரி வருது.

மருந்து இல்ல, விதைக்கிழங்குலயே வந்திருக்கும்னாங்க. இனி மூனு போகத்துக்காவது அந்த எடத்துல உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மொளகா எதுவும் வேணாம், எல்லாம் ஒரே குடும்பம், லீக்ஸ், கோவா, சோளம்னு மாத்திப் போடுங்க, மேப்பாத்தி தண்ணி கீழ வராம கான் வெட்டுங்க, மம்முட்டிய கழுவாம அடுத்த பாத்திக்குப் போகாதீங்கன்னு சொன்னாங்க. வெலிமடைப் பக்கம் வயல்ல நெல்லு அறுத்துட்டு கிழங்கு போடுறவங்களுக்கு இந்த தொல்ல கொறைவு, வயல்ல தண்ணி நிக்கிறப்ப அந்தக் கிருமி நல்லாவே கொறைஞ்சிருமாம். நம்ம ஆளுங்க காலங்காலமா அப்படித்தான் செய்யிறாங்க, காரணம் எனக்கு இப்பதான் தெரிஞ்சது.

பத்து மூட்டை போட்டு கடைசில நாலு மூட்டை எடுத்தேன். நெக்லஸ் இன்னும் கடைலதான் இருக்கு. அந்த கிளாஸ்ல அவ இன்னைக்கு வரைக்கும் தண்ணி குடிக்க விடமாட்டேங்குறா, எத்தன தரம் சுடுதண்ணில கழுவி வச்சாலும்.

எனக்கு உறுத்துனது என்னன்னா ஒரு பிளேடு, ஒரு கிளாஸ் தண்ணி, இத தெரிஞ்ச ஒரு ஆள், இவ்ளோதான் வேணுமா இருந்திருக்கு, அது நடும்போதே வந்திருந்தா நான் விதைக்கிழங்க வெட்டிப் பாத்திருப்பேன். நம்ம மலைல விஞ்ஞானம் இல்லன்னு யாரும் சொல்ல ஏலாது. பத்தாம் வகுப்புல தலவாக்கலைக்கு டிரிப் போனமே, தேயிலை ஆராய்ச்சி நிலையம், 1925ல ஆரம்பிச்சது, நூறு வருசமாச்சு. கோப்பிய 1869ல வந்த இலைத்துரு நோய் அழிச்ச பொறவு தேயிலைக்கு அந்த கதி வந்துறக் கூடாதுன்னு எவ்ளோ பாத்துப் பாத்து செஞ்சிருக்காங்க தெரியுமா. கொப்புள நோய் 1946ல வந்தப்ப அதுக்கு வைத்தியம், வறட்சிய தாங்குறதுக்கு டிஆர்ஐ 2025னு பேரு வச்ச செடி, தேயிலைக்கு காய்ச்சல் வந்தா டாக்டர் ஓடி வருவாரு. அந்தத் தேயிலைய கொழுந்தெடுக்குற பொம்பளையோட லயத்துக்குப் பின்னால இருக்குற நாலு போஞ்சிப் பந்தலுக்கு என்ன நோய்னு கேக்கத்தான் ஆளில்ல. 2016 ஆய்வுல இலங்கை பூரா அஞ்சு வயசுக்கு கொறைஞ்ச புள்ளைங்கள்ல நூத்துக்கு 17 பேரு வயசுக்கேத்த வளத்தி இல்லாம இருந்தாங்க, தோட்டப் பக்கம் மட்டும் எடுத்தா 32 பேரு கிட்ட. சின்னப் புள்ளைங்கள பாத்துக்குற புள்ளக்காம்பராவுல எடை போடுறத நீயும் பாத்திருப்பியே, அந்த கார்டுல கோடு எந்தப் பக்கம் போகும்னு.

சரி இப்ப ஒன் நைஜீரியாக்காரன் கதைக்கு வாறேன். 1970கள்ல ஆப்பிரிக்காவுல மரவள்ளிக்கு ஒரு மாவுப்பூச்சி வந்துருச்சு, தென் அமெரிக்காவுல இருந்து எப்படியோ செடியோட கப்பலேறி வந்தது, கொங்கோ பக்கம் மொதல்ல பாத்தாங்க, அங்கிருந்து நாடு நாடா பரவுது. கோடிக்கணக்கான சனம் அந்தக் கிழங்க நம்பி இருக்காங்க, அரிசியும் கோதுமையும் வாங்க வழியில்லாதவங்க. நைஜீரியாவுல இபாதான்ல இருக்குற ஒரு ஆராய்ச்சி நிலையத்துல வேலை செஞ்ச ஹான்ஸ் ஹெரன்னு ஒரு சுவிஸ்காரரு, இந்தப் பூச்சி பொறந்த ஊர்ல அத திங்கிற எதிரி இருக்கணுமேன்னு தேட வச்சாரு, பராகுவேல ஒரு சின்னக் குளவி கெடச்சுது, எறும்ப விட சின்னது, அது மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வைக்கும், குஞ்சு உள்ள இருந்தே தின்னுரும். 1981ல நைஜீரியால விட்டாங்க, பொறவு பல நாட்டுல, விமானத்துல இருந்து கூட வீசியிருக்காங்க. பூச்சி அடங்கிருச்சு. 1995ல அவருக்கு உலக உணவுப் பரிசு குடுத்தாங்க. ஒன் ரூம்காரன்கிட்ட கேட்டுப்பாரு, அவன் அப்பாவுக்கு தெரிஞ்சிருக்கலாம்.

குளவின்னாலே நமக்கு ஒடம்பு நடுங்கும். ஒங்கம்மா அன்னைக்கு கொட்டு வாங்கி மூஞ்சி வீங்கி லொறில ஏத்திட்டுப் போனது கண்ணுல இருக்கு. ஆனா கேளு, நம்ம தேயிலையிலயும் இதே வேலைதான் நடந்திருக்கு, அதுக்கும் முந்தி. இலையச் சுருட்டி உள்ள இருந்து திங்கிற புழு இருக்குல்ல, அதுக்கு 1935ல ஜாவாவுல இருந்து ஒரு குட்டிக் குளவிய கொண்டாந்து விட்டாங்க, புழு அடங்கிருச்சு. பொறவு தண்டு தொளைக்கிற வண்டுக்குன்னு டீல்ட்ரின் மருந்து அடிச்சப்ப குளவி செத்து புழு திரும்ப பெருகியிருக்கு பாரு. நம்ம அப்பாயிமாரு அந்தப் புழுவ பொறுக்கியிருப்பாங்க, அந்தக் குளவிய ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க.

எனக்கு இதுல புடிச்சது என்னன்னா அந்தக் குளவி யாருகிட்டயும் காணி உறுதி கேக்கல. தொரை மலைக்கும் போகும், நாட்டாள் தோட்டத்துக்கும் போகும், சல்லி இல்லாதவன் மரவள்ளிக்கும் போகும். மத்ததெல்லாம் அப்படி இல்ல மச்சான். பசளை மானியம்னு போனா கமநல சேவை நிலையத்துல காணி பதிஞ்சிருக்கான்னு கேக்குறாங்க, லயத்துல இருக்குறவனுக்கு எந்தக் காணி, 7 பேர்ச் நெலத்துல வீடு கெடச்சவனுக்கே உறுதி கைக்கு வந்தபாடில்ல. துண்டுப்பிரசுரம் குடுத்தாங்க, சிங்களத்துல இருந்துச்சு, என் மகள்தான் வாசிச்சு சொன்னா. குத்தகைக்காரன் எந்த லிஸ்ட்லயும் இல்ல.

ஒரத்த பத்தி நீ சண்டைக்கு வருவ, தெரியும். "எல்லாம் கெமிக்கல்டா, இயற்கைக்கு திரும்பணும்"னு நீ ஏசிக்குள்ள இருந்து சொல்லு. 2021 மே மாசம் அரசாங்கம் ஒரே ராத்திரில இரசாயன பசளைய நிப்பாட்டுனப்ப நான் இங்க இருந்தேன். ஒரு 50 கிலோ யூரியா மூட்டைல 23 கிலோ நைட்ரஜன் இருக்கு, அதே அளவு கொம்போஸ்ட்ல வேணும்னா ஒன்றரை டன் போல வேணும், அத இந்தச் செங்குத்து மலைல யாரு தலைல ஏத்துறது? நவம்பர்ல தடைய எடுத்தாங்க, ஆனா வெளைச்சல் அதுக்குள்ள போயிருச்சு, தேயிலை 2021ல 30 கோடி கிலோ கிட்ட இருந்தது அடுத்த வருசம் 25 கோடிக்கு எறங்குச்சு, கொழுந்து கொறைஞ்சா அரைப் பேருதான், அரை நாள் கூலி. அந்த 2022 செப்டம்பர்ல சாப்பாட்டு வெலை ஒரு வருசத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, கோதுமை மா மூனு மடங்குக்கு மேல, ரொட்டி திங்கிற நமக்குத்தான் அடி. அதுக்காக மூட்டை மூட்டையா கொட்டுறதும் சரின்னு சொல்லல, இங்க சில பேரு கோவாவுக்கு போடுற போட்ட பாத்தா எனக்கே வயிறு எரியுது. மண்ண பாத்துட்டு போடுங்கன்னுதான் சொல்றேன்.

மண்ணுன்னதும் ஞாபகம். ஒங்கம்மா போஞ்சி ரெண்டு வருசமா மஞ்சளடிச்சு நிக்குதுன்னு பொலம்புனாங்கல்ல, அந்த மண்ண ஒரு ஷொப்பிங் பேக்ல அள்ளிட்டுப் போய் குடுத்துப் பாத்தேன், பீஎச் 4.6, நல்லா புளிச்ச மண்ணு. தேயிலைக்கு அது தேன், போஞ்சிக்கு விசம். பழைய தேயிலை மண்ணுல்ல. அந்தப் புளிப்புல போட்ட பொஸ்பரஸ் எல்லாம் மண்ணுலயே பூட்டிக்கிட்டு வேருக்கு போகாது. டொலமைட் சுண்ணாம்பு வாங்கித் தூவி கொத்தி விட்டு மூனு கெழம விட்டு நட்டோம். இப்ப போய் பாரு, பந்தல் தெரியாது. அம்மா பக்கத்து லயத்துக்கெல்லாம் குடுத்துட்டு "என் மகன் சல்லி"ன்னு பேர் ஒனக்கு போகுது, தூவுனது நான்.

இப்ப எனக்கு ஒரு பைத்தியம் புடிச்சிருக்கு, சொன்னா சிரிக்காத. சுத்தமான விதைக்கிழங்குதான் எல்லாத்துக்கும் அடி. ஆய்வுகூடத்துல நோயில்லாம வளத்த கன்டு இருக்குல்ல, அதோட நுனிய வெட்டி வேர் புடிக்க வச்சு, அதுல இருந்து விதைக்கிழங்கு எடுக்குறாங்க, வியட்நாம்ல டலாட் பக்கம் விவசாயிங்களே வீட்ல செஞ்சிருக்காங்க, இப்ப கென்யாவுலயும் நடக்குது. நான் அத வாசிச்ச ஒடனே நெனச்சது தேயிலைக் கன்டு வளக்குற நம்ம தவறணைல வேலை செஞ்ச பொம்பளைங்கள. ஒரு கணு ஒரு இலைன்னு தேயிலை வெட்டுத்தண்ட பைல ஊனி லட்சக்கணக்குல வளத்த கை அது, ஒங்க பெரியம்மா கை பட்டா பட்டுப்போன குச்சியும் துளுக்கும்னு சொல்லுவாங்க. அந்தக் கைக்கு இது புதுசா? ரஹங்கல ஆராய்ச்சி நிலையத்துல போய் கன்டு கெடைக்குமா, வந்து ஒரு நாள் காட்டிக் குடுப்பாங்களான்னு கேக்கப் போறேன், ஏஐ மிஸ்ஸும் கூட வாறேன்னு சொல்லியிருக்காங்க. ஆறு பேரு பேர் குடுத்திருக்காங்க, அதுல நாலு பேரு பென்சன் ஆன தவறணைக்காரங்க. நட்டமாச்சுன்னா என்ன செய்வன்னு அவ கேக்குறா, எங்கிட்ட பதில் இல்ல, அடகு வைக்க இன்னொரு நெக்லஸும் இல்ல.

அதோட ஒங்கம்மா வீட்டுப் பின்னால செம்மஞ்சள் வத்தாளக் கிழங்கு (சக்கரவள்ளி) கொஞ்சம் வைக்கலாம்னு இருக்கேன், சின்னப் புள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் ஏ ஒரு 125 கிராம்லயே வந்துருமாம், ஆப்பிரிக்காவுல அத பரப்புனவங்களுக்கு 2016ல அதே உலக உணவுப் பரிசு கெடச்சுது. கொடி கெடச்சா புள்ளக்காம்பரா ஆயம்மாவுக்கும் குடுக்கணும்.

நிழல் வலை கட்ட எடமும் அங்கதான் தோது, தண்ணிக் குழாய் பக்கம். அம்மா சரின்னுட்டாங்க. ஆனா அந்த பேரிக்கா மரம் மறைக்குது, நீ ஏழாம் வகுப்புல நட்டது. மரத்த சாய்க்க மாட்டேன், கெழக்குப் பக்கம் ரெண்டு கொப்பு மட்டும் எறக்கணும். "அவன்ட்ட கேக்காம கத்திய வைக்காத"ன்னு அம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க, நீயே போன் பண்ணி அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு, ஞாயித்துக்கெழம வெட்ட வாறேன். சார்ஜ் 4தான் காட்டுது.

இப்படிக்கு
ஒன் பழைய பெஞ்சுக்காரன்