கைத்துப்பாக்கியின் உடற்சட்டம் (frame): ‘அலுமினியம்’ என்று ஒரு சொல் எழுதினால் போதாது

தற்காப்பு அமைச்சில் ஆயுத விவரக்குறிப்பு எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்குக் கைத்துப்பாக்கி புதிதல்ல. 1948 ஜூன் 16-ல் இங்கே தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்த பிறகு, இடுப்பில் துப்பாக்கியோடு மலைக்காடு சுற்றுவது துரைமாருக்கு வழக்கமாகிவிட்டது. அந்தக் காலத்துப் பேச்சு ஒன்று இன்னும் சாயாக்கடையில் ஓடுகிறது: “இரும்புதான் உழைக்கும், அலுமினியம் சட்டிபானைக்குத்தான்.” இது கொள்முதல் தாளிலும் ஏறிவிடக் கூடாது என்றுதான் கடைசல் பட்டறைக்காரர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

செம்பனைக் குலை வெட்டும் கம்பைப் பாருங்கள். கம்பு அலுமினியம், நுனியில் இருக்கும் அரிவாள் எஃகு. நாள் முழுக்கத் தூக்குவதற்கு எடை குறைய வேண்டும். வெட்டுகிற இடம் தேயக் கூடாது. கம்பு கெட்டுப்போவது பெரும்பாலும் அரிவாளைப் பிணைத்த முனையில்தான். படைத் துப்பாக்கியும் இதே கணக்குதான். சட்டம், அதாவது பிடியும் விசையும் அமைந்த உடற்கூடு, அலுமினியமாக இருந்தாலும் குழல், மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு, சுடும்போது இந்த இரண்டையும் பூட்டிப் பிடிக்கும் பூட்டுக் கட்டை மூன்றும் எஃகு. கோளாறு இந்த இரண்டு உலோகமும் முட்டிக்கொள்ளும் இடத்தில் தொடங்கும்.

எஃகின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.85 கிராம், துப்பாக்கிச் சட்டத்துக்குப் பயன்படும் 7075 என்ற அலுமினியக் கலவைக்கு 2.81. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் இலகுவாவது சட்டம் மட்டும்தான் என்பதால் முழுத் துப்பாக்கியில் மிச்சம் 200 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். விறைப்பும் மூன்றில் ஒன்றுதான். அதே தடிமனில் செய்தால் அலுமினியம் மூன்று மடங்கு வளையும். அதைவிடப் பெரிய விஷயம் களைப்பு, அதாவது திரும்பத் திரும்ப அடிபட்டு உலோகம் விரிசல் விடுவது. ஓர் அளவுக்குக் கீழே எஃகை எத்தனை லட்சம் முறை உதைத்தாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அந்த அடிவரம்பு கிடையாது. ஒவ்வொரு வெடியும் அதன் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

மேற்கு ஜெர்மானியப் படை இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. போர்க்காலத்து வால்தர் பி38 கைத்துப்பாக்கிக்கு எஃகுச் சட்டம். 1957-ல் அதையே அலுமினியச் சட்டத்தோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். பிறகு பி1 என்று பெயர் மாறியது. பூட்டுக் கட்டை வந்து அடிக்கும் பகுதியில் விரிசல் விழுந்தது. 1970-களின் நடுவில் சட்டத்தின் குறுக்கே அறுகோண எஃகு முளை ஒன்றைப் பதித்தார்கள். அலுமினியத்தைக் கைவிடவில்லை, அடி விழும் இடத்தில் எஃகைக் கொண்டுபோய் வைத்தார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்கா 1985-ல் எம்9 என்று ஏற்ற பெரெட்டா 92-இன் கதை இதற்கு நேர் எதிர். சட்டம் அலுமினியம். ஆனாலும் 1980-களின் பிற்பகுதியில் உடைந்து, சுட்டவர் முகத்தில் அடித்தது எஃகு ஸ்லைடு. ஹேமர் (சுத்தியல்) முளையின் தலையைப் பெரிதாக்கி, உடைந்தாலும் ஸ்லைடு பின்னால் பறக்காதபடி தடுத்தார்கள். எஃகிலும் நல்லது, கெட்டது உண்டு. 1990-களில் ப்ரௌனிங் ஹை-பவர் கைத்துப்பாக்கியை இன்னும் வலுவான .40 தோட்டாவுக்கு மாற்றும்போது, அடித்துருவாக்கிய எஃகுச் சட்டம் தாங்காமல் வார்ப்பு எஃகுச் சட்டத்துக்குப் போனார்கள். வார்ப்பு என்றாலே மட்டம் என்று முகம் சுளிப்பவர்கள் கவனிக்க.

இனி நம் ஊர் வெயிலும் வேர்வையும். கறுப்பேற்றிய கார்பன் எஃகு, ஈரத் தோலுறையில் ஓர் இரவு கிடந்தாலே துரு பூக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் எஃகு முளை நுழையும் துளைகளைச் சுற்றி, உப்பு வேர்வை பட்ட இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். அங்கே அலுமினியம்தான் கரைகிறது. ஸ்லைடு ஓடும் தடத்தில் கெட்டி அனோடைஸ் பூச்சு (மின்முறையில் ஏற்றும் ஆக்சைடுத் தோல்) 25 முதல் 50 மைக்ரான்தான், முட்டை ஓடு மாதிரி. செம்மண் சாலைப் புழுதியில் இருக்கும் மணல் அதை அரைத்துவிட்டால் உள்ளே இருப்பது மெத்தென்ற உலோகம். கிரீஸ் பூசிய தடத்தைத் துடைக்காமல் மேலே மேலே பூசுவது தேய்ப்பு மருந்து பூசுவதற்குச் சமம்.

ஆயுதக்கிடங்குப் பட்டறைகளில் எஃகுக்குப் பழகிய கை அலுமினியத்தைக் கெடுக்கும். எஃகில் விரிசல் தேடும் காந்தப் பொடி சோதனை அலுமினியத்தில் எதையும் காட்டாது. சிவப்புச் சாயம் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, வெள்ளைப் பொடி தூவ வேண்டும். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக எழும்பும். பூட்டுக் கட்டை உட்காரும் இடம், முளைத் துளைகளின் ஓரம், தடத்தின் முன்முனை ஆகியவற்றை முதலில் பாருங்கள். காஸ்டிக் சோடா கலந்த கழுவுநீர் பூச்சைத் தின்றுவிடும். பவுடர் பெயின்ட் அடுப்பின் சூடு 180 டிகிரிக்கு மேல் போகும். 7075-க்கு வலுவூட்டும் டி6 என்ற சூட்டுப் பதமோ 120 டிகிரியை ஒட்டி ஊறவைத்து வந்தது, அந்த அடுப்பில் இறங்கிவிடும். விரிசலை வெல்டிங் வைத்து ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 7075 வெல்டிங்குக்கு ஒத்துவராது. கைப்பிடித் தகட்டின் திருகை எஃகுக்கு முறுக்குவதுபோல் முறுக்கினால் மரை கழன்றுவிடும்.

பாலிமர் (பிளாஸ்டிக்) சட்டம் வந்துவிட்டதே என்பீர்கள். 1980-களில் ஆஸ்திரியப் படை எடுத்த க்ளாக்கிலும் ஸ்லைடு ஓடுவது எஃகுத் தடத்தில்தான்.

எங்களைக் கேட்டால், இடுப்பில் சுமந்து எப்போதாவது சுடுபவருக்கு அலுமினியச் சட்டம், பயிற்சித் திடலில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் சுடும் துப்பாக்கிக்கு எஃகுச் சட்டம். எதை வாங்கினாலும் தாளில் இவை வேண்டும்: கலவையும் பதமும் (7075-டி6 என்பது போல), அடித்துருவாக்கியதா கடைந்ததா, பூச்சின் தடிமன், எத்தனை தோட்டாவுக்கு ஒருமுறை சட்டத்தைச் சோதிப்பது, பூட்டுக் கட்டையும் ஸ்பிரிங்கும் உபரியாக எத்தனை. பெரெட்டா 92-க்குப் பின்னுதை ஸ்பிரிங்கை 5,000 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றுவது பழக்கம். தளர்ந்த ஸ்பிரிங்கோடு ஓடினால் அந்த உதை முழுக்கச் சட்டத்தில்தான் விழும்.

5,000 ஆயிற்றா என்று தெரிய வேண்டுமே. ஒவ்வொரு துப்பாக்கியின் வரிசை எண்ணுக்கும் தனி ஏடு போட்டு, திடலிலிருந்து திரும்பிய அன்றே சுட்ட எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரக் கடைசல் பட்டறைக்காரர்கள் சிலர்