புரியாது என்று சொல்ல இவர் யார்?

ஐயா,

சென்ற ஞாயிறு இணைப்பில் நியூயார்க் பயணக் கட்டுரை படித்தேன். ஜாஸ் கிளப்புகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு புத்திமதி. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் சேலம், ஈரோடு பெற்றோர் அங்கே போய் மாட்டிக்கொள்ள வேண்டாமாம். ஒரே புகையும் குடியுமாக இருக்குமாம், இசையும் புரியாதாம். கட்டுரையாளரின் அக்கறைக்கு நன்றி. நான் போய் மாட்டிக்கொண்டவன்.

நியூயார்க்கில் பார்களுக்குள் புகைபிடிக்க 2003-லேயே தடை வந்துவிட்டது. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அப்புறம் எப்படி அது அச்சேறியது?

நான் போனது அங்கே கிரீனிச் வில்லேஜ் பகுதியில் இருக்கும் வில்லேஜ் வான்கார்டு என்ற ஜாஸ் கிளப். 1935-ல் தொடங்கிய இடம். படியிறங்கிப் போனால் ஒரு நிலவறை. சுமார் 120 பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். சாப்பாடு கிடையாது. குடிக்க ஏதாவது ஒன்று வாங்கியாக வேண்டும். நான் சோடா வாங்கினேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. வாசிக்கும்போது பேசக் கூடாது, போனைக் கையில் எடுக்கக் கூடாது. நம்மூர் சபாக்காரர்கள் கவனிக்க.

திங்கட்கிழமைதோறும் அங்கே ஒரு பெரிய குழு வாசிக்கிறது, 1966 முதல். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிக்கிறார்கள். பிறகு சாக்ஸபோன்காரர் எழுந்து, அதே மெட்டை வைத்துக்கொண்டு அந்த நேரத்துக் கற்பனையில் தன் மனோதர்மத்தைக் காட்டுகிறார், முடித்ததும் கைதட்டல். அடுத்து டிரம்பெட், அப்புறம் பியானோ. ஒரு பாட்டில் டிரம்ஸ்காரரும் மற்றவர்களும் நாலு நாலு தாளக்கட்டாக மாற்றி மாற்றி வாசித்தார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மோதிக்கொள்வதைக் கேட்டவனுக்கு இதை யார் விளக்க வேண்டும்? கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் தவிலுக்கு முன்னால் நின்று வளர்ந்தவன் நான். அதே வான்கார்டில் 1961-ல் வாசித்து ஒலிப்பதிவு செய்த சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன், நம் சிதார் மேதை ரவிசங்கர் மேல் இருந்த மதிப்பில் தன் மகனுக்கு ரவி என்று பேர் வைத்தார். அவருக்கு நம் இசை புரிந்தது, எனக்கு அவர் இசை புரியாதாம்! அன்று தூங்கி வழிந்தது என்னை அழைத்துப்போன மகன்தான். மென்பொருள் வேலை, பாவம்.

உங்களுக்குச் சேலம் என்றால் மாம்பழம், அதை விட்டால் வெயில். வெள்ளி விலை ஏறினால் மட்டும் எங்கள் கொலுசுப் பட்டறைத் தெருவுக்கு நிருபர் வருவார். தட்டுவடை செட்டுக்கு ஒரு முழுப் பக்கம். தவில் கலைஞர்களைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு நாலு வரி, அதிலும் என் பேர் தப்பு. ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனாலும் விடுதிக்கு விடுதி டிஜே சத்தம். அதை 'இசை மழை' என்று வண்ணப் படத்தோடு போட்டவர்களும் நீங்கள்தான்.

சரி, கேட்பது ஒன்றுதான். உள்ளூர்க் கச்சேரி அறிவிப்புகளை முதல் நாளே போடுங்கள். போன மாதம் உங்கள் 'இன்று' பகுதியை நம்பிப் போய், பந்தல் பிரிக்கிறவர்களிடம் விசாரித்துவிட்டுத் திரும்பினேன். இந்த முறை என் பேரே வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையையாவது எழுத்துப் பிழை இல்லாமல் போடவும்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டை வாசகர்,
சேலம்