அது கற்குவியல் இல்ல சார், கற்குவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன இதழ்ல எங்க ஊர் ஈமக்காட்டை, அதாவது ஆதி காலத்துல செத்தவங்களப் புதைச்ச இடத்தைப் பத்தி வந்த கட்டுரையில "வீடு கட்ட இடைஞ்சலா கிடக்கிற வெறும் கற்குவியல்"னு ஒரு வரி இருந்துச்சு. 20 வருஷமா உங்க பத்திரிகைய வாங்குறேன், அந்த வரியப் படிச்ச அன்னிக்கு மனசே ஆறல. அது வெறும் குவியல் இல்ல, புதைச்ச இடத்து மேல அடையாளமா கல்லக் குவிச்சு வெச்ச கற்குவை.

இடைஞ்சல் என்னன்னு எனக்குத் தெரியும் சார். எங்க வீடு அந்த ஈமக்காட்டுலேர்ந்து 100 மீட்டருக்குள்ளதான் இருக்கு. 2010ல பழைய சின்னங்களப் பாதுகாக்கிற சட்டத்தத் திருத்தினதுலேர்ந்து அதுக்குள்ள புதுசா எதுவும் கட்டக்கூடாது, அதத் தாண்டி இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும், இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா. பையன் கல்யாணத்துக்கு மாடியில ஒரு ரூம் போடலாம்னு இருந்தேன், முடியாதுன்னாங்க, சரின்னு விட்டுட்டேன். ஆனா ராத்திரியில லாரி கொண்டாந்து கற்குவையச் சுத்தி வட்டமா நட்ட கல்லையே பேத்து எடுத்துட்டுப் போனாங்களே, அவங்கள யார் கேட்டா? மனு எழுதிட்டுப் போனா இங்க இல்ல அங்க போங்கன்னு மூணு தடவ அலைய விட்டாங்க. சேதப்படுத்தினா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்னு சட்டத்துல இருக்கு. அதச் சொல்ல வேண்டிய தொல்லியல் துறை நீலப் போர்டுல எழுத்தெல்லாம் உரிஞ்சு வெறும் தகரம்தான் நிக்குது.

போன ஐப்பசி மழையில அந்தக் கல்லு பேத்த குழியில மண்ணு கரைஞ்சு ஒரு பானை ஓடு வெளிய தெரிஞ்சுது. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, விரலால மண்ணத் துடைச்சா இன்னும் வழவழன்னு மினுங்குது. அது பக்கத்துலயே, செத்தவங்கள வைக்கிற சுட்டமண் பேழையோட உடைஞ்ச கால் ஒண்ணு. 1950ல நம்ம மாவட்டத்துச் சாணூர்ல தோண்டினப்பவும் இப்படிக் கால் வெச்ச ஈமப்பேழைங்கதான் கிடைச்சுது. ஒருத்தர அதுக்குள்ள வெச்சு, கூடவே சோறு தண்ணிக்குக் கலயமும் இரும்புச் சாமானும் வெச்சு மூடி, மேல கல்லக் குவிச்சு சுத்தி வட்டம் கட்டியிருக்காங்க. நான் எதையும் எடுக்கல, அப்படியே மண்ணப் போட்டு மூடிட்டு வந்தேன்.

புறநானூறு 264வது பாட்டுல "பரலுடை மருங்கிற் பதுக்கை சேர்த்தி"ன்னு வருதே, அந்தப் பதுக்கையும் செத்தவனுக்காகக் கல்லக் குவிச்சு வெச்சதுதானே. ஆதிச்சநல்லூர்ல 1876ல தோண்டினது பெர்லினுக்குப் போச்சுன்னு எல்லாரும் வருத்தப்படுறோம். கண்ணு முன்னாடி இருக்கறது ஜல்லியாப் போகுது, அதப் போய் இடைஞ்சல்னு எழுதலாமா?

அடுத்த இதழ்ல ரெண்டு வரி திருத்தம் போடுங்க, கற்குவியல்னு போட்ட இடத்துல கற்குவைன்னு. முடிஞ்சா அந்தப் போர்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியும் எழுதுங்க.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்,
செங்கல்பட்டு மாவட்டம்