மலருக்கு, மூன்றாம் மாடியில் காத்திருந்த நாளைப் பற்றி

அன்பு மகள் மலருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. போனில் பேச ஆரம்பித்தால் நீ “சரிம்மா, சரிம்மா” என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். தம்பி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். ஷிப்ட் முடிந்து சாவகாசமாகப் படி.

ஜூலை 30 அன்று ஜப்பானில் சுனாமி எச்சரிக்கை விட்டு, நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் எல்லாரையும் மூன்றாம் மாடிக்கு ஏற்றினீர்களே, அன்று ராத்திரி நீ பேசியது மனசில் கிடந்து உறுத்துகிறது. “லிஃப்ட்டை நிறுத்திட்டாங்கம்மா. தாத்தா பாட்டிங்களை வீல்சேரோட படியில தூக்கிட்டுப் போய் இடுப்பே ஒடிஞ்சு போச்சு. மூணு மீட்டர்னு சொன்னாங்க, எங்க பக்கம் வந்தது அரை மீட்டர். ஒரு நாள் பூரா வீணாப் போச்சு” என்றாய். அசதியில் சொன்னதுதான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் நாகப்பட்டினத்துப் பொண்ணு வாயிலிருந்து இப்படி வந்ததே என்று இருந்தது.

அன்றைக்கு இங்கே நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. ரஷ்யாவின் கம்சட்காவில் பூமி ஆடியபோது நமக்கு விடிகாலை ஐந்து மணி. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஆறரைக்கு அப்பா டீ குடிக்கப் போன இடத்தில் டிவியில் ஜப்பான் என்று பார்த்துவிட்டு, கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார். பூகம்பத்தின் அளவு 8.8 என்றார்கள். உனக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. “மேலே இருக்கேன், வேலை இருக்கு, பிறகு பேசறேன்” என்று நீ அனுப்பிய ஒரு வரிதான் வந்தது. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் அப்பா பல் விளக்கினார்.

நீ இருக்கும் மியாகிக்கும் கம்சட்காவுக்கும் நடுவே சுமார் 2,000 கிலோமீட்டர். உங்கள் காலடியில் தரை ஆடியிருக்காது, இல்லையா? தூரத்துப் பூகம்பத்தில் அதுதான் சிக்கல். பக்கத்தில் ஆடினால் ஓடு என்று உடம்பே சொல்லிவிடும். தூரத்தில் ஆடினால் யாரோ ஒருவர் சைரனை அழுத்தினால்தான் நமக்குத் தெரியும். வெயில் அடிக்கும், கடல் அமைதியாக இருக்கும், நாம் மட்டும் முட்டாள் மாதிரி மாடியில் உட்கார்ந்திருப்போம்.

ஆனால் அன்றைய நேரக் கணக்கைக் கொஞ்சம் பார். ஹொக்கைடோவில் முதல் அலை வந்தது உங்கள் நேரப்படி காலை பத்தரைக்குள். முப்பது சென்டிமீட்டர் வாக்கில்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று அப்போதே சிலர் இறங்கியிருப்பார்கள். இவாத்தேயில் குஜி துறைமுகத்துக்கு 1.3 மீட்டர் வந்தது பிற்பகல் இரண்டு மணியை ஒட்டி. முதல் அலைக்கும் பெரிய அலைக்கும் நடுவே மூன்று மணி நேரத்துக்கு மேல். சுனாமி ஒற்றை அலை இல்லை, வரிசையாக வரும். ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் பத்து நிமிஷமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். கடலடி மலைகளில் மோதித் திரும்பும் அலைகள் பிந்தி வந்து சேரும். எச்சரிக்கையைச் சாயங்காலம்தான் குறைத்தார்கள், முழுக்க விலக்கியது மறுநாள் மாலை. அது அதிகாரிகளின் பிடிவாதம் இல்லை, கண்ணு. கடல் அவ்வளவு நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

அதே கம்சட்காவுக்குத் தெற்கே சேவெரோ-குரில்ஸ்க் என்று ஒரு மீனவ ஊர் இருக்கிறது, ரஷ்யாவுக்குச் சொந்தமான தீவில். 1952 நவம்பர் 5 அன்று அந்தப் பக்கம் 9 அளவில் பூகம்பம். இருட்டில் முதல் அலை வந்ததும் ஊர் ஜனம் மலைக்கு ஓடியது. தண்ணீர் வடிந்தது. குளிர்; வீட்டில் துணிமணி, சாமான். சரி, போனது போய்விட்டது என்று பலர் இறங்கி வந்தார்கள். இரண்டாவது அலை அதைவிடப் பெரிது. 2,000 பேருக்கு மேல் போனார்கள். பிறகு ஊரையே மேட்டில் கட்டினார்கள். இந்த முறையும் அங்கே துறைமுகத்துக்குள் தண்ணீர் புகுந்தது. ஆனால் ஊர் மேலே இருந்தது, ஜனமும் மேலே ஏறியிருந்தது, ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ஹவாயில் ஹிலோ ஊர்க் கதை இன்னும் வயிற்றெரிச்சல். 1960 மே 22, சிலியில் 9.5. அலை அங்கே வந்து சேரப் பதினைந்து மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, ராத்திரி எட்டரைக்கே சைரன் ஊதிவிட்டார்கள். நள்ளிரவு தாண்டி வந்த முதல் அலை நாலடிதான். வேடிக்கை பார்க்க நின்றவர்களும், போதும் என்று வீட்டுக்குத் திரும்பியவர்களும் உண்டு. ஒரு மணிக்கு மேல் வந்ததோ சுவர் மாதிரி இருபதடி. 61 பேர். அதே அலை உங்கள் ஜப்பானுக்கு வந்தபோது அங்கே முன்னறிவிப்பே இல்லை, 140 பேர் வரை இறந்தார்கள்.

உனக்கு 2012 ஞாபகம் இருக்கும், முழுப் பரீட்சை நேரம். ஏப்ரல் 11, மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிஷம் இருக்கும், சுமத்ரா பக்கம் 8.6. சென்னையில் கட்டடங்கள் ஆடின, எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். நம் ஊரில் கோயில் மைக்கில் பஞ்சாயத்தார் அறிவித்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் தொடங்க நாலு நாள்தான் பாக்கி, எல்லாப் படகும் கடைசி மீன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். நீ ஸ்கூல் பையையும், என்ன நினைத்தாயோ, ஜாமெட்ரி பாக்ஸைத் தனியாகக் கையிலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் நடந்தாய். பஸ் ஸ்டாண்டு பக்கம் வரை ஜனம். ஆயா ஒருத்தி கோழியைக் கூடையில் கவிழ்த்துத் தூக்கி வந்தாள். பக்கத்து வீட்டு மாமா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, “போனா போறேன், எத்தனை தடவை ஓடுறது” என்று வரவேயில்லை.

நாலு மணி சுமாருக்குச் சிலர் மூட்டையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பத் தொடங்கினார்கள். அப்போதுதான் மறுபடி ஒன்று, 8.2. திரும்பியவர்கள் அப்படியே எதிர்ப்பக்கம் ஓடி வந்தார்கள். இருட்டின பிறகு எச்சரிக்கையை விலக்கினார்கள், வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டோம். மறுநாள் காலை ஏலக்கடையில் ஒரே சிரிப்பு. “ஐதராபாத்துல உட்கார்ந்துகிட்டு நம்மளை ஓடவிடறானுங்க” என்று அங்கிருக்கும் சுனாமி எச்சரிக்கை மையத்தைக் கேலி. அந்தக் கதவைச் சாத்திய மாமாதான் அன்றைக்கு ஊரில் ஹீரோ.

அப்போது பேரிடர் பயிற்சி கொடுக்க வந்த ஒருவரிடம் ஏன் சுனாமி வரவில்லை என்று கேட்டேன். அவர் விளக்கினார். 2004-ல் பூமியின் பாறைத் தட்டு ஒன்று இன்னொன்றுக்கு அடியில் புகுந்து, கடல் தரையையே மேலே தூக்கிவிட்டது. தண்ணீரும் கூடவே எழும்பியது. 2012-ல் இரண்டு பக்கமும் பக்கவாட்டில் உரசி நகர்ந்ததோடு சரி, தண்ணீரைத் தூக்கவில்லை. பூகம்பத்தின் அளவு சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். எப்படி நகர்ந்தது, எவ்வளவு தண்ணீர் கிளம்பியது என்று உறுதியாகத் தெரிய, நடுக்கடலில் போட்டிருக்கும் மிதவைகள் சொல்லவேண்டும், அதற்கு அலை அவற்றைத் தொடவேண்டும். அதுவரை ஜனத்தை உட்கார வைத்திருக்கவும் முடியாது. அதனால் முதலில் ஓடச் சொல்லிவிட்டு, பிறகு பார்த்து விலக்குகிறார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஐதராபாத்தில் அந்த மையம் 2007-ல்தான் வந்தது. பசிபிக்கில் 1949-லிருந்தே இப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. இந்தியப் பெருங்கடலில் 2004 வரை எதுவும் இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவில் ஆடியது நம் நேரப்படி காலை ஆறரைக்கு. இங்கே தண்ணீர் வந்தது ஒன்பதை ஒட்டி. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது, மலர். அந்த இரண்டரை மணி நேரத்தில் நான் இட்லி ஊற்றினேன். உனக்குத் தலை பின்னி ரிப்பன் கட்டினேன். அப்பா வாசலில் வலை பிரித்தார். உன் அத்தை வந்து ஐம்பது ரூபாய் சில்லறை கேட்டாள், இருபதுதான் இருக்கிறது என்றேன், வாங்கிக்கொண்டு கூடையோடு ஏலத்துக்குப் போனாள். தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். அத்தனை பேரும் நடந்தே போய்ச் சேர்ந்திருக்கலாம். நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஓடியது உனக்கு ஞாபகமில்லை என்கிறாய், நல்லதுதான்.

ஒரு நாள் பூரா மாடியில் உட்கார வைத்தார்களே என்று நீ அலுத்துக்கொண்டபோது, எனக்கு அந்த இட்லிச் சட்டிதான் நினைவுக்கு வந்தது.

அப்பா இதில் வேறு கட்சி, அதையும் சொல்லிவிடுகிறேன். “சும்மா சும்மா ஓடவிட்டா ஒருநாள் நிஜமா வர்றப்போ எவனும் ஓடமாட்டான்” என்கிறார். அவர் சொல்வதிலும் இருக்கிறது. ஓடுவதும் இலவசமில்லை. இந்த ஜூலை 30 அன்றே ஜப்பானில் மியே பக்கம் மேட்டுக்குக் காரில் போன ஒரு அம்மா பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார் என்று செய்தி வந்தது. ஹியோகோவில் அன்று 41.2 டிகிரி வெயில், வயசானவர்கள் மொட்டை மாடியில் எப்படித் தாங்குவார்கள்?

ஆனால் உங்கள் ஊர்க் கதையையே அப்பாவுக்குச் சொன்னேன். 2010 பிப்ரவரியில் சிலியில் பூகம்பம் வந்து, ஜப்பானில் 3 மீட்டர் வரை வரும் என்று அறிவித்தார்கள். வந்தது அதில் பாதிகூட இல்லை. கூட்டிச் சொல்லிவிட்டோம் என்று வானிலைத் துறை மன்னிப்பே கேட்டது. அடுத்த வருஷம் மார்ச் 11, அந்தப் பெரிய சுனாமி. முதல் அறிவிப்பில் இவாத்தேக்கு 3 மீட்டர், மியாகிக்கு 6 மீட்டர் என்றார்கள். பிறகு பத்துக்கு மேல் என்று திருத்தினார்கள், அதற்குள் பல இடத்தில் கரண்டு போய்விட்டது, திருத்தம் போய்ச் சேரவில்லை. மூணு மீட்டர்தானே, தடுப்புச்சுவர் இருக்கிறதே என்று நின்றவர்கள் உண்டு. அதனால்தான் 2013-லிருந்து மிகப்பெரிய பூகம்பம் என்றால் முதல் அறிவிப்பில் மீட்டர் கணக்கே சொல்லாமல், ‘பிரம்மாண்டமானது’ என்று மட்டும் சொல்ல ஏற்பாடு செய்தார்கள். இதைக் கேட்டு அப்பா ஒன்றும் பேசவில்லை. ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை, உனக்கே தெரியும் அவரை.

நீ சொன்ன அந்தப் பாட்டி, சாப்பாடு கொடுத்தும் சாப்பிடாமல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கீழே போகலாமா என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தார் என்றாயே, அவரிடம் அலுப்பு காட்டாதே. 2011-ல் அவர் எங்கே இருந்தார் என்று நீயாகக் கேட்கவும் வேண்டாம். தானாகச் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

அப்புறம், மூன்றாம் மாடியில் தண்ணீர் கேன், அவர்களுடைய மாத்திரை, டயப்பர், விசிறி எல்லாம் முன்கூட்டியே வைத்திருக்கிறார்களா? இந்த முறை எல்லாவற்றையும் கீழேயிருந்து தூக்கிப்போனோம் என்றாய். மேலே ஒரு அலமாரி கேட்டு வாங்கு. படியில் வீல்சேர் தூக்க நாலு பேர் வேண்டும், ராத்திரி ஷிப்ட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று மேலாளரிடம் நேராகக் கேள். அதைக் கேட்க உன் ஜப்பானிய பாஷை போதும். உன் பாஸ்போர்ட்டும் பவர் பேங்கும் ஒரே பையில் இருக்கட்டும்.

பொன்னாங்கண்ணி எண்ணெய் கேட்டாயே, காய்ச்சி வைத்திருக்கிறேன். செப்டம்பரில் உன் தோழி ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஞாயிற்றுக்கிழமை பேசு, அலமாரி கிடைத்ததா என்று முதலில் அதைச் சொல்.

அன்புடன்,
அம்மா