டி.சி. கேட்டு வருவதற்கு முன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா என் அறைக்கு வந்தார். "சார், இவனுக்குப் படிப்பு ஏறலை. மேலூர்ல மச்சான் பட்டறை வச்சிருக்காரு, அங்க விட்டுடுறேன். டி.சி. கொடுங்க" என்றார். பையன் வாசலில் தலையைக் குனிந்து நின்றான். நான் டி.சி. கொடுக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

அந்தப் பையனுக்குக் கைத்திறமை உண்டு. கணக்கு ஆசிரியரின் பழைய பைக் கிளம்பாமல் நின்றபோது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கரியை உப்புத்தாளில் தேய்த்து மாட்டி, இரண்டே உதையில் கிளப்பியவன் அவன்தான். அவன் மெக்கானிக் ஆகட்டும், எனக்குச் சந்தோஷம்தான். பத்தாம் வகுப்பை முடிக்காமல் போகக் கூடாது என்பதுதான் என் வாதம்.

ஏனென்றால் வண்டி மாறிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வரும் புது வண்டிகள் எல்லாம் பி.எஸ்.6, அதாவது புகையைக் குறைக்கும் புது விதிப்படி வந்தவை. பெரும்பாலான பைக்குகளில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் போய், எவ்வளவு பெட்ரோல் உள்ளே போக வேண்டும் என்பதைச் சென்சார்களைக் கேட்டு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. என் ஸ்கூட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் அனுபவசாலி ஒருவர் இரண்டு நாள் பார்த்தார், பிடிபடவில்லை. அப்புறம் ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) முடித்த ஒரு பையன் ஸ்கேனரைச் செருகி, அதில் வந்த கோளாறு எண்ணைப் படித்து, களிம்பு பிடித்த ஒரு சென்சார் கனெக்டரைத் துடைத்து மாட்டினான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இனி மின்சார வண்டிகள் வேறு. அதில் தேய்க்கப் பிளக்கே கிடையாது!

பட்டறை அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அப்புறமும் கிடைக்கும். பத்தாம் வகுப்பு தேறினால் ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டு, டீசல் மெக்கானிக் ஓராண்டு. மதுரையில் கோ.புதூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடித்தவர்கள் தொழிற்பழகுநராக (அப்ரண்டிஸ்) போகலாம். இரண்டு ஆண்டுப் படிப்பு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியிருக்கிறது. பெண் பிள்ளைகளும் சேரலாம், தயங்க வேண்டாம்.

தனியார் இடத்தில் சேர்ப்பதானால், தருவது தேசியத் தொழிற்சான்றிதழா என்று முதலில் கேளுங்கள். நம் பழைய மாணவன் ஒருவன் பணத்தைக் கட்டிவிட்டு, எங்கேயும் செல்லாத ஒரு காகிதத்தோடு வந்து நின்றான்.

வீட்டில் ஒரு பேச்சை மட்டும் நிறுத்துங்கள்: "படிக்கலைன்னா மெக்கானிக் கடைக்குத்தான் போகணும்." அந்த வேலைக்குப் படிப்பு வேண்டும். பைக்கில் செயின் ஓடும் பல்சக்கரம்தான் ஸ்பிராக்கெட்; முன் ஸ்பிராக்கெட்டில் 14 பல், பின்னால் 42 பல் என்றால் முன்னது மூன்று சுற்று சுற்றினால்தான் பின்னது ஒரு சுற்று வரும். விகிதக் கணக்கைக் கண்டாலே ஓடுகிற அதே பையன் இதைப் பல்லை எண்ணிப் பார்த்துத் தானே சொன்னான். கணக்கு ஆசிரியர் இப்போது சைக்கிளை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். கரும்பலகைக்குப் பக்கத்தில் கிரீஸ் கறை. நானும் கண்டுகொள்ளவில்லை.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெற்றோர் பள்ளிக்கு வாருங்கள். இப்போது ஐ.டி.ஐ. இரண்டாம் ஆண்டு படிக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் பழைய பைக் எஞ்சின் ஒன்றை மேசைமேல் பிரித்துக் காட்டுகிறான். அந்த அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், மச்சானையும் கூட்டிக்கொண்டு. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்