இலையைப் பார்த்துச் சாப்பிட்ட அப்பா

அன்புள்ள மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ பார்க்கச் சொன்ன இரண்டு ஜப்பானியப் படங்களையும் இந்த வாரம் பார்த்து முடித்தேன்.

இயக்குநர் ஓசு 1933-இல் எடுத்த ‘டோக்கியோப் பெண்’ 47 நிமிட மௌனப் படம். பகலில் தட்டச்சு வேலை பார்க்கும் அக்கா, இரவில் ஒரு பேராசிரியருக்கு மொழிபெயர்ப்பில் உதவுவதாகச் சொல்லித் தம்பியைப் படிக்கவைக்கிறாள். அந்த இரவு வேலை உண்மையில் என்னவென்று தெரிந்ததும் அவன் அவளை அறைந்துவிட்டு வெளியேறி, உயிரை மாய்த்துக்கொள்கிறான். அது துயரமான படம்தான். ஆனால் என்னை உறங்கவிடாமல் செய்தது மற்றொன்று.

இயக்குநர் மிசோகுச்சியின் ‘ஒசாகா எலிஜி’ 1936-இல் வந்தது. கெய்ஷாவாகிவிட்ட (விருந்துகளில் ஆடிப்பாடி மகிழ்விக்கும் தொழிலுக்குப் போய்விட்ட) தன் அக்காவின் ஆதரவில் இளமையைக் கழித்தவர் அவர் என்பதால், படத்தில் வரும் குடும்பத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்க்க முடிந்திருக்கிறது. மருந்து நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பாளராக இருக்கும் அயாகோ, தந்தை கையாடிய 300 யென்னை அடைக்க முதலாளியின் ஆசைநாயகியாகிறாள். பிறகு அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக 200 யென்னை வேறொருவரிடம் ஏமாற்றிப் பெற்று, காவல் நிலையம் வரை போகிறாள். வீடு திரும்பும் இரவில் குடும்பம் உட்கார்ந்து உண்டுகொண்டிருக்கிறது. அண்ணன் அவளால் மானம் போனதென்கிறான். பணம் யார் கொடுத்தது என்று அறிந்த தந்தையோ வாய் திறப்பதில்லை. விமரிசகர்கள் அவள் பாலத்தில் தனியே நடந்து வரும் கடைசிக் காட்சியையே பேசுகிறார்கள். எனக்கு அந்தத் தந்தையின் முகம்தான் கண்ணில் நிற்கிறது.

நீ பொறியியல் சேர்ந்தபோது வங்கியில் கடன் வாங்கியதாக உன்னிடம் சொன்னேன். அப்படியொரு கடன் இல்லை. உன் அக்கா மேற்படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதப் போனது அந்த ஜூன் மாதத்தில்தான். நான்கு ஆண்டுகளும் உன் கட்டணம் அவள் சம்பளத்திலிருந்து கட்டியது. அவளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று உறவினர்களிடம் நான் சொன்னபோது, அவள் பக்கத்தில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். சென்ற பொங்கலன்று, ‘அக்கா படிப்பை விட்டிருக்கக் கூடாது’ என்று நீ அவளைக் கடிந்துகொண்டபோதும், நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் இங்கு வருகிறாள். இக்கடிதத்தின் நகலை அவள் கையிலும் கொடுக்கப்போகிறேன்.

அன்புடன்,
அப்பா