துப்பாக்கி சுடும் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சிட்னி மலபார் ரேஞ்சில் நம் மாதாந்திரச் சுடுதல், மழையால் தள்ளிப்போனவை நீங்கலாக, வழக்கம்போல நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் நேராக இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்ட, கொஞ்சம் சூடாகவும் பேசப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன்: சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை மறுபடி நிரப்பிச் சுடுவது.

.308 வின்செஸ்டர் வகைத் தோட்டாவுக்குப் பொதுவில் ஓர் அழுத்தும் பிரஸ்ஸும், சுட்டு விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டையும் வாங்கினோம். பெட்டியிலிருந்த தாளில் சொன்னபடி, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை டையை இறக்கி, எல்லாருடைய கூடுகளையும் அதே அளவில் அழுத்தினோம். தப்பு அங்கேதான். ஓர் உறுப்பினருடைய ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறை, அதாவது சேம்பர், சற்று நீளம். அவருடைய கூட்டின் தோள் (கழுத்தை நோக்கிச் சரியும் பகுதி) அழுத்தும்போதெல்லாம் வேண்டியதற்கு மேல் பின்னால் போகும்; சுட்டதும் மறுபடி முன்னால் நீளும். இப்படி இழுபட்டு இழுபட்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துவிட்டது. நாலாவது சுற்றில் அந்த இடத்தில் முடி கனத்துக்கு ஒரு பளபள வளையம். கம்பியின் முனையை வளைத்து உள்ளே விட்டுத் தடவினால், பள்ளத்தில் இடறியது. இன்னொரு தடவை சுட்டிருந்தால் கூடு இரண்டாக அறுந்திருக்கும். அந்த லாட் முழுவதையும் நசுக்கிப் பழைய பித்தளைக்குப் போட்டோம். அவருக்கு வருத்தம்தான். எனக்கு நிம்மதி.

இப்போது ஒவ்வொருவரும் தன் ரைஃபிளில் சுட்ட கூட்டின் தோளை அளந்து, அதிலிருந்து இரண்டு தௌ மட்டும் பின்தள்ளும்படி டையை வைக்கிறோம். (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, லேத் பட்டறையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) கூட்டின் மொத்த நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டினால் 2.005க்கு வெட்டுகிறோம்.

கூடு டைக்குள் சிக்காமலிருக்கத் தடவும் எண்ணெய் விஷயத்தில் இன்னும் கை பழகவில்லை. குறைத்துத் தடவிய ஒரு கூடு டைக்குள் சிக்கி, துளை போட்டு இழுத்து எடுப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அதிகமாகத் தடவினால் தோளில் குழி விழுகிறது. கூட்டின் கழுத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் யோசனையை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியிருக்கிறோம். அடிப்பகுதியில் சூடு ஏறாமல் செய்யத் தெரிந்தவர் முன்வந்தால் நல்லது.

அப்புறம், கூடுகளைத் துலக்கும் டம்ளர் இயந்திரம் ஓடும் மேசையில் டீ வைக்க வேண்டாம். அந்தத் தூசியில் ஈயம் இருக்கிறது.

இரண்டாவது ஷெல் ஹோல்டரை எடுத்துப்போனவர் திருப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்